கோபக்காரக் குடலும் எங்கள் வீட்டுப் பெருங்காயமும்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் எங்கள் பெருங்காயக் கடை எங்கே என்று யாரிடமும் விசாரிக்க வேண்டாம். மூக்கு இருந்தால் போதும். சாலைக் கடைத்தெருவின் முனையில் இறங்கி, அரிசி மண்டியையும் கயிற்றுக் கடையையும் தாண்டி நடந்தால் ஓர் இடத்தில் மூக்கு தானாக நிற்கும். அதுதான். நான் இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அந்த வாசனையால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு அது என் வாசனையாகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், யாரோ சாம்பார் கொண்டு போகிறார்கள் என்று கூடை தேடுவார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாம்பார் நான்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மலையாளப் பலகையைப் படம் பார்ப்பது போலப் பார்த்து பஸ் ஏறுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நான் எழுதப் போவது என் வயிற்றைப் பற்றி. அதில் என்னைவிடப் படித்தவர்கள் யாரும் கிடையாது.

இரண்டு பொங்காலைகளுக்கு நடுவே நடந்த கதை இது. பொங்காலை என்பது மாசி மாதத்தில் வரும். அன்றைக்குத் திருவனந்தபுரம் முழுக்க, ரோடு ரோடாக, சந்து சந்தாகப் பெண்கள் மூன்று செங்கல்லை வைத்து அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். கோயில் அடுப்பில் பற்ற வைத்த தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி நம்மிடம் வரும். பொங்கி முடித்த பிறகு, மத்தியானம் தீர்த்தம் தெளிக்கிறவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். வெயில் தலையில், தீ முகத்தில், புகை கண்ணில். அந்தக் காத்திருப்புதான் உண்மையான பொங்காலை என்பேன்.

எங்கள் வரிசையில் முதல் அடுப்பு என்னுடையது. கடை வாசலுக்கு நேர் எதிரே. முந்தின நாளே செங்கல் வைத்து இடம் பிடிக்கிற வேலையெல்லாம் எனக்கில்லை. அங்கே வேறு யாரும் செங்கல் வைக்கத் துணிந்ததில்லை. இரண்டாவது அடுப்பு இரும்புக் கடைக்காரரின் மனைவியுடையது. என்னைவிட இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள், வாய் மட்டும் என்னைவிட மூத்தது. தீர்த்தம் தெளிக்கும்வரை அடுப்பை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று எங்கள் வரிசையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அம்மன் அப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை. நான்தான் கேட்டேன். நடுவில் எழுந்து போகிறவர்களை ஒரு பார்வை பார்ப்பேன். அடுத்த வருஷம் அவர்கள் வேறு வரிசை தேடிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட நான், அந்த முதல் பொங்காலையில், பானை நுரைத்துக்கொண்டு வருகிற நேரத்தில் எழுந்து ஓடினேன். ஓடினேன் என்றால் ஓட்டம்தான்; நடை என்று சொல்லி மழுப்ப முடியாது. கடைச் சாவி என் இடுப்பில் இருந்தது. கடைக்குப் பின்புறம் ஒரு கக்கூஸ் உண்டு. அது இல்லாவிட்டால் இந்தக் கதையை எழுத நான் இந்த ஊரில் இருந்திருக்க மாட்டேன்.

திரும்பி வந்தபோது இரும்புக் கடைக்காரி என் பானையை ஒரு தென்னம் மட்டைக் குச்சியால் கிண்டிக்கொண்டிருந்தாள். அடி பிடித்த வாடை வந்தது.

"எங்க போனிய அக்கா? கரண்டி எங்க?"

அவள் கேட்ட பிறகுதான் கரண்டி என் கையில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. எங்கே விட்டேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

"வெயிலு. தல சுத்திட்டு," என்றேன்.

உடனே ஒருத்தி குடை பிடித்தாள், ஒருத்தி எலுமிச்சம் பழத் தண்ணீர் கரைத்தாள். வயிற்றுக்குள் அப்போது எலுமிச்சம் பழத் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தலை சுற்றியவள் அதைக் குடிக்காமல் எப்படி இருக்க முடியும்? குடித்தேன். மறுபடியும் தலை சுற்றியது. மறுபடியும் ஓடினேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து முடிவு செய்தேன். அடுத்த பொங்காலைக்குள் இந்த வயிற்றை அடக்க வேண்டும். முதல் அடுப்பில் உட்கார்ந்தால் தீர்த்தம் விழும்வரை எழுந்திருக்கக் கூடாது. முடியாவிட்டால் அந்த இடத்தில் இரும்புக் கடைக்காரி செங்கல்லை நகர்த்தி வைத்துக்கொள்ளட்டும், நான் வீட்டு மாடியில் உட்கார்ந்து கும்பிட்டுக்கொள்கிறேன். அவளுக்கு இடத்தை விடுவதை நினைத்ததும் வயிறு இன்னொரு தடவை புரண்டது.

வயிற்றுத் தொந்தரவு எனக்குப் புதிதல்ல. சாப்பிட்டால் உப்பும், உப்பினால் பிடுங்கும், பிடுங்கினால் ஓட வேண்டும். சில வாரம் ஓட்டம், சில வாரம் ஒன்றுமே நகராது. அந்தப் பொங்காலைக்குப் பிறகு மகனும் மருமகளும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். கடைசியில் டாக்டர், "அம்மே, ஒண்ணும் இல்ல," என்றார்.

எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருஷம் இந்தப் பாடு பட்டவளுக்கு ஒன்றுமில்லையா? வாயில் நுழையாத பெரிய பெயராக ஒன்று சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"குடலுக்குக் கேடு ஒண்ணும் இல்லா. கொறச்சு தேஷ்யம் கூடுதல், அத்தற தன்னே," என்றார். தேஷ்யம் என்றால் மலையாளத்தில் கோபம். என் குடலுக்குக் கொஞ்சம் கோபம் அதிகமாம்.

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அவள் நாகர்கோவில்காரி. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். உடம்பில் மற்ற இடத்திலெல்லாம் இருக்கிற கோபம் குடலில் மட்டும் ஏன் இல்லாமல் போகும் என்று நினைத்திருப்பாள்.

டாக்டர் எங்களைச் சாப்பாட்டு முறை சொல்லித் தருகிற ஒரு பெண்ணிடம் அனுப்பினார். சின்னப் பெண், மலையாளத்துப் பிள்ளை, நான் பேசுகிற தமிழை நன்றாகப் புரிந்துகொண்டாள். வெங்காயம் வேண்டாம், பூண்டு வேண்டாம், பால் வேண்டாம், பயறு வேண்டாம், சக்கை என்று இங்கே சொல்கிற பலாப்பழமும் மாம்பழமும் வேண்டாம், கோதுமை வேண்டவே வேண்டாம் என்றாள். சில வாரம் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்ப்பதாம். வயிறு அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது குற்றவாளி என்று கண்டுபிடிப்பதாம்.

"மைதாவும் கோதம்பு தன்னே அம்மே. பொறோட்டா, பிஸ்கட், ரஸ்க், ஒண்ணும் தொடண்டா."

"பொறோட்டா எல்லாம் எங்க வீட்டுல யாரு திங்கா?" என்றேன், பெருமையாக.

"வெங்காயம் இல்லாம ருசி இல்லேன்னு தோணினா கொஞ்சம் காயம் போட்டுக்கோங்க. அது நல்லது," என்றாள். காயம் என்றால் பெருங்காயம்.

எனக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயரம் கூடியது. மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். "கேட்டியா பிள்ள? ஆசுபத்திரியிலயும் நம்ம சரக்குதான்."

அன்று தொடங்கியது என் பெருங்காய ஆட்சி. புளிக்குழம்பில் பெருங்காயம், ரசத்தில் பெருங்காயம், பயறு போடாத எரிசேரிக் கூட்டுக்கும் பெருங்காயம், வெறும் சோற்றில் நெய் விட்டுப் பெருங்காயம். காலையில் எழுந்ததும் வெந்நீரில் ஒரு கரண்டி கரைத்து உப்புப் போட்டு ஒரு டம்ளர். மத்தியானம் ஒன்று. சாயங்காலம் பால் காப்பி குடிக்கிற நேரத்தில், காப்பி போன துக்கத்துக்கு இன்னொன்று. வயிறு பிடுங்கினால் அதற்கு வைத்தியமாக இன்னும் கொஞ்சம் கூட.

வயிறு அடங்கவில்லை. முன்பு வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை கோபித்துக்கொண்ட குடல், இப்போது நாள் பார்க்காமல் கோபித்தது.

நான் விடுகிற ஆளா? குற்றவாளியைத் தேடினேன். முதலில் தண்ணீர் மேல் சந்தேகம், கொதிக்க வைத்தேன். பிறகு தேங்காய், பாதியாகக் குறைத்தேன். கத்திரிக்காயை நிறுத்தினேன், வாழைக்காயை நிறுத்தினேன், எந்தப் பாவமும் அறியாத வெள்ளரிக்காயையும் நிறுத்தினேன். எல்லாரையும் தள்ளி வைத்த பிறகு சமையலறையில் மிஞ்சியிருந்தது மருமகள்தான்.

அவளுக்கு வெங்காயம் இல்லாமல் சோறு இறங்காது. தனக்கும் என் மகனுக்கும் தனியாக வதக்கிக்கொள்வாள். அந்தக் கரண்டியை என் ரசத்தில் விடுகிறாளோ? ருசிக்காக ஒரு துண்டு போட்டுவிட்டு எடுத்துவிடுகிறாளோ? காலையில் அவள் ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் நான் சமையலறை வாசலில் போய் நிற்பேன்.

"ஏ பிள்ள, கையக் காட்டு."

"என்னத்த?"

"கைய."

காட்டுவாள். மோந்து பார்ப்பேன். சில நாள் வெங்காய வாடை இருக்கும், சில நாள் சோப்பு வாடை. சோப்பு வாடை இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

ஒருநாள் அவள் கையை நீட்டிக்கொண்டே, "அத்த, நாளையிலேர்ந்து ஆபீஸ்ல கை ரேக வைக்கிற மெஷினு மாதிரி நம்ம வீட்டு அடுக்களையிலயும் ஒண்ணு வாங்கி வச்சிருவோம். நீங்க நிக்காண்டாம்," என்றாள். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மகன் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். எங்கள் வீட்டில் ஆண்கள் செய்கிற வேலை அதுதான்.

இதற்கிடையே வெளியில் வேறொன்று நடந்தது. எங்கள் தெருவில் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் நான் சாம்பார் வேண்டாம், அவியல் வேண்டாம், பாயசம் வேண்டாம் என்று இலையைக் கையால் மூடி மூடி மறித்தேன். பரிமாறுகிறவர், "விரதமா அம்மா?" என்றார். நான் பொய் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். தலை ஆடுவது பேச்சில் சேராது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

பொங்காலைக்கு விரதம் இருப்பது இங்கே வழக்கம். வெங்காயம், பூண்டு இல்லாமல் ஒரு வாரம் பத்து நாள் இருப்பார்கள். நான் ஆவணி மாதமே தொடங்கிவிட்டேன் என்று செய்தி பரவிற்று. மாசிக்கு இன்னும் எவ்வளவோ இருக்கையில், பெருங்காயக் கடை அம்மா அம்மனுக்காக வாயைக் கட்டியிருக்கிறாள். கடைத்தெருவில் நடந்தால் வழி விட்டார்கள். கோபம் கூடிப்போன குடலோடு நான் வேகமாக நடந்தால், ஏதோ அருள் வந்து போகிறேன் என்று இன்னும் விலகினார்கள். ஒருத்தி பரீட்சைக்குப் போகிற மகளைக் கூட்டி வந்து என் கையால் திருநீறு பூசச் சொன்னாள். பூசினேன். பிள்ளை பாஸாகிவிட்டாள். அதற்குப் பிறகு என் பாடு இன்னும் மோசம்.

இரும்புக் கடைக்காரி மட்டும் ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்த வயசுல இத்தன விரதம் எதுக்கு அக்கா? அம்மன் உங்களப் பாத்துப் பயந்துருவா," என்றாள்.

"உனக்கு எங்க வெளங்கும்," என்றேன். உள்ளே குடல் குடுகுடுவென்று உருண்டது. அவளுக்குக் கேட்டிருக்கும்.

தை மாதம் பிறந்ததும் நாள் எண்ணத் தொடங்கினேன். பொங்காலை நெருங்குகிறது. வயிறு அப்படியே இருக்கிறது. விரதக்காரி என்று பெயர் வாங்கியவள் வரிசையில் எழுந்து ஓடினால், போன வருஷத்து வெயில் கதை இந்த வருஷம் செல்லாது. மருமகளே பேசி நேரம் வாங்கி, லீவு போட்டு, மறுபடியும் அந்தச் சாப்பாட்டு முறைப் பெண்ணிடம் அழைத்துப் போனாள்.

"அம்மே, வாயில போற எல்லாத்தையும் சொல்லுங்க. ஒண்ணும் விடாம," என்றாள் அந்தப் பெண்.

சொன்னேன். சோறு, கஞ்சி, இட்டிலியை விட்டுவிட்டேன், தோசையை விட்டுவிட்டேன். மருமகள் கையை மோந்து பார்ப்பதை மட்டும் சொல்லவில்லை. பெருங்காய வெந்நீரைச் சொன்னேன்.

"எவ்வளவு போடுவீங்க?"

காட்டினேன். அந்தப் பெண்ணின் கண் கொஞ்சம் விரிந்தது. "நான் ஒரு நுள்ளு சொன்னேன் அம்மே." நுள்ளு என்றால் சிட்டிகை.

"கடையில வாங்குறவங்களுக்குச் சிட்டிக. எங்களுக்கு என்ன? எங்க சரக்கு அசல் சரக்கு."

"எங்கேந்து வருது?"

கேட்டாளே, அது போதும். எனக்கு வயிறு மறந்துபோயிற்று. இடுப்பை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தேன். பால்காயம் என்கிற பச்சைப் பிசின் வடக்கே தூரத்து மலைகளிலிருந்து வரும், அது அப்படியே வாயில் வைக்க முடியாத காரம், நாக்கு பொத்துப்போகும். அதைத் தண்ணீரில் ஊற வைத்து வடிகட்டி, கோந்து சேர்த்துப் பிசைய வேண்டும். இப்போது எல்லாம் மெஷின். என் மாமியார் காலத்தில் வீட்டுப் பின்கட்டில் நான்தான் பிசைந்தேன், பதம் கையில் தெரியும், என் கைப்பதத்துக்குச் சாலை முழுக்கப் பேர். "மல போல மைதாவக் குமிச்சு வச்சு, நடுவுல குழி பறிச்சு, அதுல பால்காயத்த விட்டு..."

வாய் அங்கேயே நின்றது.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். மருமகள் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ அது அன்றைக்குத்தான் கண்டுபிடிக்கப்பட்டது போல.

எத்தனை மூட்டை மைதாவை நான் இந்தக் கையால் பிசைந்திருக்கிறேன். கோதுமை வேண்டாம் என்று சொன்னதும் ரவையை விட்டேன், ரஸ்க்கை விட்டேன், கோயிலில் கொடுத்த கோதுமைப் பாயசத்தைக் கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தேன். பெருங்காயத்துக்குள் மாவு இருக்கிறது என்று தெரியாதவளா நான்? தெரியும். ஆனால் அது பிசைந்து முடித்ததும் எனக்கு மாவு இல்லை. பெருங்காயம். கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போன பெண் மாதிரி, பழைய பெயர் போய்விட்டது.

அந்தப் பெண் நல்லவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சிட்டிகையில உள்ள மாவு ஒண்ணும் செய்யாது அம்மே. நீங்க கரண்டி கரண்டியா, வெறும் வயித்துல... அதுதான். இத நிறுத்திப் பாப்போம். பின்ன, பயமும் குடலுக்கு ஆகாது," என்றாள்.

திரும்பி வருகையில் கிழக்கேகோட்டை நெரிசலில் ஆட்டோ நின்றது. அப்போது மருமகள் வெளியே பார்த்துக்கொண்டே, "அத்த," என்றாள்.

"என்ன?"

"கையக் கொஞ்சம் காட்டுங்க."

காட்டினேன். எடுத்து மோந்து பார்த்தாள். வேறு என்ன வாடை வரும்? ஐம்பது வருஷமாக வருகிற அதே வாடைதான். "ஆளு மாட்டிக்கிட்டு," என்றாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்தால் வயிற்றில் பிடிக்கும் என்று பயந்து பயந்து சிரித்தேன். பிடிக்கவில்லை.

மகனிடம் அரிசி மாவில் எனக்கென்று கொஞ்சம் பெருங்காயம் போடச் சொன்னேன். "அரிசி மாவு நிக்காதும்மா, கட்டி உதிந்து போவும். கடைப் பேரு கெட்டுரும்," என்றான். அவன் அப்பா மாதிரியே பேசினான். நானே பிசைந்தேன். உதிர்ந்துதான் போயிற்று, கட்டியென்று சொல்ல முடியாது, மணல். ஆனால் அதில் சிட்டிகை போதும். வெந்நீர் வெறும் வெந்நீராகக் குடித்தேன். அது எவ்வளவு ருசி என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சில வாரத்தில் வயிறு வழிக்கு வந்தது. முழுக்க இல்லை. கோபக்காரி திருந்திவிட்டாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் தினமும் சண்டை போடுகிறவள் எப்போதாவது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவளாக மாறினாள். கத்திரிக்காயும் வெள்ளரிக்காயும் திரும்பி வந்தன. நான் அவற்றிடம் மன்னிப்புக் கேட்கவில்லை; அந்தப் பழக்கம் எனக்கில்லை. மருமகளிடமும் கேட்கவில்லை. ஆனால் அவளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். அது அவளுக்குப் புரிந்திருக்கும்.

பொங்காலை வந்தது. விடியற்காலையிலேயே முதல் அடுப்பில் உட்கார்ந்துவிட்டேன். வயிற்றில் கஞ்சி, உப்பு, வேறொன்றும் கிடையாது. பச்சரிசி, வெல்லம், தேங்காய், புதுப் பானை, எரிக்க ஓலை, தென்னம்பாளைக் கொதும்பு எல்லாம் எடுத்து வைத்தது மருமகள். அவளும் லீவு போட்டு என் பின்னால் பலகையில் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியில் கோயில் அடுப்பு பற்றியாயிற்று என்று சொன்னார்கள், குலவைச் சத்தம் சந்து சந்தாகப் பரவி வந்தது, தீ கைமாறி என் அடுப்புக்கு வந்தது, நான் இரும்புக் கடைக்காரிக்குக் கொடுத்தேன். பானை பொங்கிற்று. கிழக்கே பொங்கிற்று. கரண்டி கையிலேயே இருந்தது.

பிறகு காத்திருப்பு.

வெயில் ஏறிற்று. எங்கும் எழுந்திருக்க வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்ததுதான் தப்பு. எழுந்திருப்பதைப் பற்றி யாராவது பேசுகிறார்களா என்று குடல் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. மெதுவாக ஒரு புரளல். நெற்றியில் வியர்வை, அது தீயின் வியர்வை இல்லை, எனக்குத் தெரியும். பெருங்காயம் இல்லை, மாவு இல்லை, வெங்காயம் இல்லை. பயம்தான் உள்ளே போயிருந்தது. அதை விலக்கி வைக்க யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த நேரம் பார்த்து வரிசையின் கடைசியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரியாம், வயிற்றில் பிள்ளை. "அம்மே, நிங்ஙள் மாசங்களா விரதம்னு கேட்டு. என் தலையில ஒண்ணு கை வைக்கணும்," என்று காலடியில் குனிந்தாள். தலையைத் தொட நானும் குனிய வேண்டும். குனிந்தால் முடிந்தது என் கதை.

"தொடாத தாயி," என்றேன். "எனக்கு விரதமும் இல்ல ஒண்ணும் இல்ல. வயிறு சரியில்ல. அதுக்குத்தான் வாயக் கட்டினேன்."

நான் தீயையே பார்த்துக்கொண்டிருந்தேன். போயிற்று, இடமும் போயிற்று, பேரும் போயிற்று என்று நினைத்தேன்.

இரும்புக் கடைக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "இதச் சொல்ல இத்தன மாசமா அக்கா? போன வருசம் உங்க கரண்டிய எங்க விட்டியன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமே."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க ஒரு பார்வ பாப்பிய. அதுக்குப் பயந்து நான் நேத்துச் சாயங்காலத்துல இருந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கல்ல. வருசா வருசம் இதேதான்."

"நானும் ஒண்ணும் குடிச்சிட்டில்ல," என்றாள் கர்ப்பிணிப் பெண்.

"ஏய், நீ குடிக்கணும்," என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் அதட்டினார்கள். அதற்கு அடுத்த அடுப்புக்காரி, தனக்குக் காலையிலிருந்தே முட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். இன்னொருத்தி மாத்திரை போட்டுக்கொண்டு வந்ததைச் சொன்னாள். எனக்குப் பயந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு வரிசையையே நான் இத்தனை வருஷம் பக்தி என்று நினைத்திருக்கிறேன்.

கர்ப்பிணிப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அம்மே, ஈ கடையில பாத்ரூம் உண்டோ?"

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் போய் வந்தாள். அடுத்தவள் போனாள். அடுத்த சந்திலிருந்தும் கேள்விப்பட்டு வந்தார்கள். எங்கள் கடை வாசலில் அவ்வளவு நீளமான வரிசையை என் மாமனார் காலத்தில்கூட யாரும் பார்த்ததில்லை. உள்ளே போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். கக்கூஸுக்காக இல்லை, பெருங்காயத்துக்காக. மருமகள் உள்ளே நின்று வாளியில் தண்ணீர் நிரப்பினாள். போனவர்களின் பானைகள் சிலவற்றில் இன்னும் வெல்லம் கரையவில்லை; அவற்றை யார் பார்ப்பது? நான் பார்த்தேன். இந்த அடுப்பில் ஓலையை இழுத்தேன், அந்தப் பானையைக் கிண்டினேன், ஓரிடத்தில் வெல்லம் அடி பிடிக்கப் பார்த்தது, ஓடிப்போய் இறக்கினேன். எழுந்திருக்கவே கூடாது என்று சபதம் போட்டு வந்தவள், அன்றைக்கு என் அடுப்பருகே ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காரவில்லை.

ஆகாயத்தில் விமானம் வழக்கம்போலப் பூத் தூவிக்கொண்டு போயிற்று. தீர்த்தக்காரர் சந்துக்குள் நுழைந்தபோது நான் எட்டாவது அடுப்பில் யாருடைய பானைக்கோ மூடி தேடிக்கொண்டிருந்தேன். தீர்த்தம் என் முதுகில் விழுந்தது. அப்போதுதான் வயிற்றை நினைத்தேன். சத்தமே இல்லை. எப்போது அடங்கியதென்று தெரியவில்லை.

எல்லாரும் பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். இரும்புக் கடைக்காரி ஈரக் கையோடு சாவியைக் கொண்டுவந்து நீட்டினாள். "இந்தாங்க. அடுத்த வருசம் வாளி நான் ஒண்ணு கொண்டு வாரேன்," என்றாள். பிறகு என் செங்கல்லைக் காலால் தட்டி, "இத இங்கயே போட்டுட்டுப் போங்க. யாரு எடுக்கப் போறா?" என்றாள்.

சாவியை வாங்கிக்கொண்டு கடைசியாக நான் போனேன். அவசரத்துக்கு இல்லை. சாவகாசமாக. கரண்டியை மருமகளிடம் கொடுத்துவிட்டு.